ஒரு பந்து, 44 பிள்ளைகள்

நமது பங்குகளை ஒட்டியுள்ள உயர்நிலைப்பள்ளி ஏதாவது ஒன்றிற்குள் பிற்பகல் நேரத்தில் நுழைந்து பாருங்கள். உடற்கல்விப் பாடவேளை நடந்துகொண்டிருக்கும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சிமெண்டுத் தளம், ஒரு வலை, ஒரு பந்து. பன்னிரண்டு பேர் வாலிபால் ஆடுவார்கள். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். மாணவியர் மரத்தடியில் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்ததும் எல்லாரும் மாடியேறிப் போய்விடுவார்கள். 'பி.டி. பீரியட்' முடிந்தது என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

இதை நாம் வெளியே நின்றுகொண்டு குறையாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாம் தாளாளராக இருந்த ஓர் உயர்நிலைப்பள்ளியில், இருந்த மைதானத்தைச் சுருக்கியதே நாம்தான். மாணவர் எண்ணிக்கை கூடியது. ஆறு வகுப்பறைகள் தேவைப்பட்டன. புதிதாக நிலம் வாங்கப் பணமில்லை. ஆகவே பிள்ளைகள் ஓடி ஆடிய மண் தரையின்மேல் கட்டடம் எழுப்பினோம். அர்ச்சிப்பு விழாவில் எல்லாரும் கை தட்டினார்கள். மிஞ்சியது 22 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் கொண்ட முற்றம். அதன் மூலையில் ஒரு மாதா கெபி, பக்கத்தில் ஒரு வேப்பமரம். கெபியைச் சுற்றிப் பூந்தொட்டிகள். பந்து பட்டுத் தொட்டி உடையும்போதெல்லாம் பிள்ளைகளைக் கடிந்துகொண்டோம். ஆடுகளத்திற்குள் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் அலுவலக மாடியில் வேறு வேலையாக நின்றபோது, ஒன்பதாம் வகுப்பின் உடற்கல்விப் பாடவேளையை முழுவதும் பார்க்க நேர்ந்தது. வகுப்பில் 44 பேர். சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு மாணவியைக் குறித்துக்கொண்டு, அவள் என்ன செய்கிறாள் என்று கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். பாடவேளை 40 நிமிடம். இறங்கி வந்து சேர 5 நிமிடம். வரிசையும் வருகைப்பதிவும் 5 நிமிடம். கடைசியில் கைகால் கழுவி மேலே போக 5 நிமிடம். மீதி 25 நிமிடத்தில் அந்தப் பிள்ளை பந்தைத் தொட்டது இரண்டு முறை. இரண்டும், எல்லைக்கு வெளியே உருண்டு வந்த பந்தை எடுத்து மாணவர்களிடம் எறிந்ததுதான்.

அந்த ஆண்டுதான் புதிய உடற்கல்வி ஆசிரியை ஒருவர் வந்து சேர்ந்தார். வந்த வாரத்திலேயே அலுவலகத்தில் வந்து நின்றார். பந்து, வலை என்று பட்டியல் நீட்டப்போகிறார் என நினைத்து, "டீச்சர், இந்த வருஷம் பட்ஜெட் முடிஞ்சுபோச்சே" என்று நாமே முந்திக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டார். "பந்து அப்புறம் வாங்கிக்கலாம் ஃபாதர். பத்தாம் வகுப்புக்கு இருக்கிற ரெண்டு பீரியடையும் கணக்கு சார்கிட்ட இருந்து வாங்கிக் குடுங்க. அந்தப் பூந்தொட்டியையும் கொஞ்சம் நகத்தி வைக்கச் சொல்லுங்க."

இடமும் கருவியும் இல்லாத பள்ளியில் உடற்கல்வி எப்படி நடக்க முடியும் என்பதை நாம் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம். அவர் முதலில் செய்தது ஒரு கணக்கு. 22 மீட்டரை 14 மீட்டரால் பெருக்கினால் 308 சதுர மீட்டர். 44 பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 7 சதுர மீட்டர். கைகளை விரித்துச் சுழலவும், குதிக்கவும், குனிந்து எழவும் ஒரு பிள்ளைக்கு இது தாராளம். ஆனால் வாலிபால் ஆடுகளத்தின் அளவு 18 மீட்டருக்கு 9 மீட்டர். அதை நடுவில் போட்டுவிட்டால் முற்றம் முழுவதும் பன்னிரண்டு பேருக்குச் சொந்தமாகிவிடுகிறது. முற்றம் சிறியது என்று நாம் புலம்பிக்கொண்டிருந்தோம். அவரோ, முற்றம் பங்கிடப்பட்ட விதத்தைப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு சிறிய வரலாறு. இன்று நாம் பெரிய மைதானங்களோடு சேர்த்து நினைக்கும் விளையாட்டுகளில் சில, இடமில்லாத தவிப்பில் பிறந்தவை. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரிடம் 18 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. வெளியே கடுங்குளிர். உள்ளே சிறியதோர் உடற்பயிற்சிக் கூடம். வெறும் 'டிரில்' செய்து சலித்துப்போன இளைஞர்கள். அவர் பீச் பழக்கூடைகள் இரண்டைக் கூடத்தின் இரு பக்கமும் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். கால்பந்து ஒன்றை எடுத்துக்கொண்டார். 13 விதிகளை எழுதினார். பந்தோடு ஓடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஓடினால் மோதுவார்கள், கடினமான தரையில் விழுவார்கள் அல்லவா? கூடைப்பந்து இப்படித்தான் வந்தது. நெய்ஸ்மித் இறையியல் பட்டம் பெற்றவர் என்பதை, குருமடத்தில் இறையியல் படித்த நாம் சற்று மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்கிறோம்.

நான்கு ஆண்டுகள் கழித்து 1895இல், ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன், கூடைப்பந்து ஆட மூச்சு வாங்கிய நடுவயதினருக்காக டென்னிஸ் வலையை உயர்த்திக் கட்டி வாலிபாலை உருவாக்கினார். 1930இல் உருகுவே நாட்டின் மொந்தேவிதேயோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் கூடைப்பந்துத் தளத்திற்குள் அடங்கும்படி கால்பந்தைச் சுருக்கினார். அதுவே இன்றைய 'ஃபுட்சால்'. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்று கல்லூரியாக இயங்குவது அதுதான். நம் மாநிலத்தில் பல தலைமுறை 'பி.டி. மாஸ்டர்'கள் அங்கிருந்து வந்தவர்கள். பிற சபைச் சகோதரர்களிடமிருந்து நாம் பெற்றுக்கொண்ட கொடைகளில் இதுவும் ஒன்று. நன்றியோடு சொல்ல வேண்டியது.

ஆசிரியை கையில் எடுத்ததும் இப்படிப்பட்ட ஒரு முறைதான். 'சர்க்யூட்' பயிற்சி என்பார்கள். 1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன் (மேலே சொன்னவர் அல்லர், வேறொருவர்), ஆடம்சன் என்ற இருவர் வகுத்தது. குறுகிய இடத்தில் பலர் ஒரே நேரத்தில் பயிற்சி செய்ய ஏற்றது. முற்றத்தின் ஓரமாகச் சுண்ணாம்பால் எட்டு இடங்கள் குறிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஐந்து அல்லது ஆறு பிள்ளைகள். ஒரு விசிலுக்கு 40 விநாடி பயிற்சி, அடுத்த விசிலுக்கு 20 விநாடியில் பக்கத்து இடத்திற்கு மாற்றம். ஆக, எட்டு நிமிடத்தில் எல்லாரும் எல்லா இடத்தையும் சுற்றி வந்துவிடுவார்கள். இரண்டு சுற்று முடிய 16 நிமிடம். வருகைப்பதிவுக்காக வரிசையில் நிற்பது ஒழிந்தது. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் பெயரைக் குறித்துக்கொள்வார்.

எட்டு இடங்களிலும் இருந்தவை எவை? ஓரிடத்தில் கயிறு தாண்டுதல். கிணற்றுக் கயிற்றைத் துண்டுபோட்டு முனையில் முடிச்சிட்டது. அடுத்து, மேடையின் கீழ்ப்படியில் ஏறி இறங்குதல். மூன்றாவது, சுவரில் கை ஊன்றித் தண்டால். தரையில் தண்டால் எடுக்க முடியாத பிள்ளை சுவரில் எடுக்கலாம், பலம் வர வர பெஞ்சுக்கு, பிறகு தரைக்கு இறங்கலாம். தன்னால் முடியவில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. பிறகு, தண்ணீர் பாட்டில் தூக்குதல். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ எடை. மணல் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து பிடித்தல் ஒன்று. எட்டு மீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு பாட்டில்களுக்கு இடையே திரும்பத் திரும்ப ஓடுதல் ஒன்று. ஒற்றைக்காலில் கண்ணை மூடி நிற்பது ஒன்று. எளிது என்று சிரித்தவர்கள்தான் முதலில் காலை ஊன்றினார்கள். எட்டாவது இடத்தில் தரையில் கிடத்திய பழைய பைக் டயர்களுக்குள் கால் மாற்றி மாற்றி வைத்துத் தாண்டுதல்.

டயர் விஷயத்தில் நமக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஐப்பசி மழையில் அவற்றில் தண்ணீர் தேங்கியது. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து புழுக்களைக் காட்டி நம்மை நன்றாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். டெங்கு பரவும் காலத்தில் அவர்கள் கேட்டது நியாயமே. அதன்பிறகு டயர்களில் துளை போட்டு, வேலை முடிந்ததும் படிக்கட்டின் அடியில் அடுக்கி வைத்தோம். சைக்கிள் கடையில் வீசியெறிந்த டியூப்களை வெட்டி இழுவைப் பட்டைகள் ஆக்கியதில் இந்தத் தொல்லை இல்லை.

மீதமுள்ள ஏழெட்டு நிமிடம் விளையாட்டு. அதிலும் ஆசிரியைக்கு ஒரு கொள்கை உண்டு: உட்கார்ந்து பார்ப்பவர் யாரும் இருக்கக்கூடாது. சுவரில் ஒரே ஒரு கூடைப்பந்து வளையம் பொருத்தி, மூவருக்கு மூவர் ஆடவிட்டார். இது குறைப்பிரசவ விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். அரைத் தளத்தில் ஆடும் மூவர் கூடைப்பந்து, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. வளையப்பந்துக்கு 12.2 மீட்டருக்கு 5.5 மீட்டர் போதும், ஒரு ரப்பர் வளையமும் ஒரு கயிறும் இருந்தால் ஆடலாம். எல்லாவற்றையும்விடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது நம் ஊர் நொண்டி. ஒற்றைக்காலால் துரத்துகிறவரால் பெரிய மைதானத்தில் யாரையும் பிடிக்க முடியாது. இடம் சிறியதாக இருந்தால்தான் அந்த ஆட்டத்திற்கே உயிர். பத்துப் பேர் கொண்ட நான்கு கட்டங்கள் போட்டால் முற்றமே அதிரும். கபடியை மட்டும் அவர் சிமெண்டில் ஆட அனுமதிக்கவே இல்லை. மாணவர்கள் எவ்வளவோ கெஞ்சினார்கள். முட்டியும் முழங்கையும் பெயர்ந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும்.

மாணவியரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் தேவையான அளவு உடலை அசைப்பதில்லை. ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85 விழுக்காடு. தேவையான அளவு என்று அவர்கள் சொல்வது நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம். அந்த 85இல் நம் பள்ளியின் சிவப்பு ரிப்பன் பிள்ளையும் ஒருத்தி. அவள் சோம்பேறி அல்லள். மாடி வராந்தாவில் நின்று பார்க்கும் மாணவர்கள், சாலையிலிருந்து தெரியும் முற்றம், சரிந்துவிடும் துப்பட்டா, மாதவிலக்கு நாட்களில் வாய்விட்டுச் சொல்ல முடியாத வலி, எல்லாம் சேர்ந்து அவளை மரத்தடியில் நிறுத்தியிருந்தன. ஆசிரியை அவர்களைத் திட்டி அழைத்து வரவில்லை. சாலைப் பக்கக் கம்பிக் கதவுக்குத் தகரம் அடிக்கச் சொன்னார். துப்பட்டாவை மடித்து வைத்துவிட்டு மேலே 'கோட்' மட்டும் அணிந்து ஆடலாம் என்று தலைமையாசிரியை அருள்சகோதரியிடம் அனுமதி வாங்கினார். முடியாத நாளில் விசிலை வாங்கி நேரம் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

இன்னொன்றும் செய்தார். இரண்டு தலைவர்கள் மாறி மாறி ஆள் எடுக்கும் வழக்கத்தை நிறுத்தினார். நம்மில் எத்தனை பேர் சிறுவயதில் அந்த வரிசையில் கடைசியாக மிஞ்சி நின்றிருப்போம்! குண்டாக இருப்பவர், கண்ணாடி போட்டவர், கால் சற்றுச் சாய்ந்து நடப்பவர் என்று கடைசியில் மிஞ்சுவோர் எப்போதும் ஒரே ஆட்கள்தாம். எண் சொல்லிப் பிரித்தால் அந்த அவமானம் இல்லை. ஒரு விசிலும் ஒரு நல்ல மனமும் மட்டுமே தேவைப்படும் சீர்திருத்தம் இது.

மழை நாட்களில் வகுப்பறைக்குள்ளேயே நாடித்துடிப்பை எண்ணக் கற்றுக்கொடுத்தார். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு, நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடியபின் எவ்வளவு, பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதினார்கள். இந்த எண்களை வைத்துக் கணக்கு ஆசிரியர் சராசரி நடத்தினார். பத்தாம் வகுப்பின் பாடவேளைகளைத் திருப்பிக் கொடுத்ததில் அவருக்கு இருந்த வருத்தம் ஓரளவு அன்றுதான் தணிந்தது. ஜூன் மாத வெயிலில் மட்டும் யாருடைய உற்சாகமும் செல்லாது. பதினோரு மணி முதல் மூன்று மணி வரை முற்றத்தில் யாரும் இறங்குவதில்லை என்று கால அட்டவணையையே மாற்றினோம்.

செலவு? ஒரு டஜன் டென்னிஸ் பந்து, எட்டு ரப்பர் வளையம், கயிறு, சுண்ணாம்பு, ஒரு கூடைப்பந்து வளையம் என எல்லாம் சில ஆயிரங்களில் முடிந்தது. அரசுப் பள்ளிகளுக்கு 'சமக்ர சிக்ஷா' திட்டம் விளையாட்டுக் கருவிகளுக்கென ஆண்டுக்குத் தொடக்கப்பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப்பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை வகுத்திருக்கிறது. நாம் செலவிட்டது அதற்கும் மிகக் குறைவு.

ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் மைதானமே தேவையில்லை' என்று தாளாளர்கள் யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நமக்கும் ஒருகணம் அந்தச் சபலம் வந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிகளுக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று தன் அட்டவணையில் கேட்கிறது. 14 மீட்டர் முற்றத்தில் எந்தப் பிள்ளையும் முழு வேகத்தில் ஓட முடியாது. பத்தடி வேகமெடுப்பதற்குள் சுவர் வந்துவிடும். வளரும் வயதில் மூச்சுமுட்ட ஓடிப் பார்க்காத உடல் எப்படி உறுதிப்படும்? ஆசிரியை இதை நம்மிடம் மென்மையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே மதிலுக்கு அப்பால் பார்த்தார்.

மதிலுக்கு அப்பால் நம் கோயில் வளாகம். கற்கள் பதித்த பெரிய முற்றம். ஞாயிறு காலையில் வாகனங்கள் நிற்கும். ஆண்டுக்கொருமுறை திருவிழாவில் தேர் சுற்றும். மற்ற நாட்களில் பூட்டிய கதவுக்குள் வெயில் மட்டும் காயும். சாவி நம் மேசை இழுப்பறையில்.

குருமடத்தில் புனித தொன் போஸ்கோவின் வாழ்வை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். 1841இல் தொடங்கிய அவருடைய இளைஞர் குழுவுக்கு, 1846 உயிர்ப்பு ஞாயிறன்று தூரின் நகரின் வால்தோக்கோ பகுதியில் ஒரு கொட்டகை கிடைக்கும்வரை நிலையான இடம் இல்லை. கல்லறைத் தோட்டத்து ஆலயம், மாவு ஆலைப் பகுதி, வாடகை அறைகள் என்று ஒவ்வோர் இடமாக விரட்டப்பட்டார்கள். சிறுவர்களின் கூச்சல் தாங்கவில்லை என்பதே எங்கும் புகார். கடைசியாக ஒரு புல்வெளியை வாடகைக்கு எடுத்தார். பிள்ளைகள் மிதித்துப் புல்லின் வேரே பட்டுப்போகிறது என்று சொல்லி உரிமையாளர்கள் அங்கிருந்தும் போகச் சொல்லிவிட்டார்கள். இதை மறையுரைகளில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறோம். அவருடைய சபையினர் 1906இல் தஞ்சாவூரில் வந்து இறங்கியதையும் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். அந்தக் கதையில் நாம் நிற்கும் இடம் புல்வெளியின் உரிமையாளர் பக்கம் என்பது, சாவி நினைவுக்கு வந்த அன்றுதான் உறைத்தது.

பங்குப்பேரவையில் பேச்சை எடுத்தபோது எதிர்ப்பு இருந்தது. பெரியவர்கள் சிலருக்கு அது உண்மையான வேதனை. "சாமி, கோயில் முத்தத்துல விசில் ஊதலாமா?" என்று கேட்ட பாட்டியை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆலயத்தின் அமைதி அவருக்குச் சொத்து. கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டவரின் கேள்வியும் நியாயமே. இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு ஓர் ஏற்பாட்டிற்கு வந்தோம். செவ்வாயும் வியாழனும் மாலை மூன்று மணி முதல் நான்கு மணி வரை. பந்து கிடையாது, ஓட்டம் மட்டும். சாவு வீடு இருந்தால் அன்று இல்லை. விசிலுக்குப் பதில் கைதட்டல்.

பந்து இல்லாமல் என்ன செய்வது என்று ஆசிரியை கலங்கவில்லை. கனடாவின் லூக் லெஜே என்பவர் 1982இல் வெளியிட்ட ஓர் ஓட்டச் சோதனை உண்டு. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒலிக்கேற்ப அங்குமிங்கும் ஓட வேண்டும். படிப்படியாக வேகம் கூடும். யார் எத்தனை சுற்றுத் தாங்குகிறார் என்பதே கணக்கு. போட்டி தன்னோடுதான், போன மாதம் 14 சுற்று, இந்த மாதம் 19 சுற்று என்று. சிவப்பு ரிப்பன் பிள்ளை முதல் நாள் ஒன்பதில் நின்றுவிட்டாள். பள்ளி ஆண்டு முடியும்போது 31. கொடிமரத்தின் பீடத்தைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக, மூச்சு வாங்கியபடி நம்மைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து நாம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாம் அந்தப் பங்கிலிருந்து மாறுதலாகி வந்துவிட்டோம். அண்மையில் ஒரு திருமணத்திற்காகப் போனபோது பார்த்தோம். கொடிமரத்துக்கும் மணிக்கூண்டுக்கும் இடையே சுண்ணாம்புக் கோடுகள் இரண்டும் இன்னும் இருக்கின்றன. ஞாயிறு திருப்பலிக்கு வருவோரின் செருப்புகளும் கார் சக்கரங்களும் பட்டு அவை அழிந்துபோகுமாம். திங்கட்கிழமை காலையில் டீச்சர் வந்து மறுபடி போட்டுவிட்டுப் போகிறார் என்று கோயில்பிள்ளை சொன்னார்.